ஆள் காட்டும் வேலை

நாளைக் காலையிலிருந்து ரிஷிவந்தியம், மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் காலனிகள் எல்லாம் உங்கள் பொறுப்பு. நான் கல்வராயன் மலைக்குப் போகிறேன். எந்த ஊரில் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வருவதில்லை என்பதெல்லாம் நீங்களே நாலு நாள் சுற்றினால் தெரிந்துவிடும். அதைச் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். சுற்றினாலும் தெரியாத ஒன்று இருக்கிறது. அதை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

இப்படியெல்லாம் ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள், உனக்கென்ன வயதாகிவிட்டது என்று கேட்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் நம் மிஷன் ஊழிய வேலையில் ஓய்வு பெறும்வரை பொறுத்திருந்து அனுபவம் சொன்னால், அதற்குள் எத்தனையோ பேர் லாக்கப்புக்குள் போய் வந்துவிடுவார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

நம் மிஷனில் ஒரு வழக்கம் இருந்தது. இப்போது இல்லை என்பதால் யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். அதற்கு "ஆள் காட்டுவது" என்று பெயர். வட்டாரத்தில் எங்கே கலாட்டா நடந்தாலும் போலீஸ் முதலில் காலனிக்குள்தான் வரும். கையில் சிக்கியவர்களை வேனில் ஏற்றும். உடனே சபையில் ஜெபம் நடத்தும் நம் உபதேசியார் வெள்ளை ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார். கம்பிக்கு வெளியே நின்று, "இவரு நம்ம சபை, அவரு நம்ம சபை" என்று விரலை நீட்டுவார். அவர் காட்டிய ஆட்கள் வெளியே வந்துவிடுவார்கள். வெள்ளைக்கார மிஷனரிகள் காலத்திலிருந்து வருகிற மரியாதை என்று சபையில் எல்லோருக்கும் அதில் ஒரு பெருமை. காட்டாமல் விட்ட ஆட்கள் என்ன ஆனார்கள் என்ற பேச்சு மட்டும் எந்தச் சபைக் கூட்டத்திலும் வந்ததில்லை.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரத்தில்தான் அந்த வழக்கம் முறிந்தது.

ரோடு நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு டிராக்டர்களிலேயே காய்ந்துகொண்டிருந்தது. மறியல் செய்தவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. அவர்களிலும் பாதிப் பேர் கூலிக்காரர்கள், படித்துவிட்டு வேலை இல்லாமல் திரிந்தவர்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த வாரத்தில் அவர்களைவிட ஏழைகளாக இருந்தவர்கள் பல இடங்களில் அடிபட்டதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ளப் பழகுங்கள். இந்த வட்டாரத்தில் அது இல்லாமல் வேலை செய்ய முடியாது.

மரம் வெட்டியவர்கள் ஊராகத் திரண்டு நின்றார்கள். ஊரைப் பிடிக்கப் போலீசால் முடியவில்லை. வழியில் நடந்து போகிறவர்களைப் பிடிக்க முடிந்தது.

கரும்பு வெட்டு பாதியில் நின்றுபோன ஒரு வயலிலிருந்து ஏழு பேர் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மூன்று பேர் நம் காலனிக்காரர்கள், சபையைச் சேர்ந்தவர்கள். நான்கு பேர் கல்வராயன் மலையிலிருந்து வெட்டுக் கூலிக்கு இறங்கி வந்தவர்கள். எல்லோர் தோளிலும் கரும்பு வெட்டும் கத்தி. ரோட்டில் விழுந்து கிடக்கிற புளியமரம், பக்கத்தில் கத்தியோடு ஏழு பேர். போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

மூவரில் ஒருவர் பெயர் இஸ்ரவேல். அவர் மனைவி ஞானம்மா இடுப்பில் குழந்தையோடு மிஷன் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"டீச்சர், அவர இஸ்துகினு போய்ட்டாங்க! நீங்க பைய மாட்டிக்கினு இன்னா நின்னுகினு கீறீங்க?"

நான் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. தோளில் ஒரு பை தொங்கினால் இந்தப் பக்கம் டீச்சர்தான். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

உபதேசியாரை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் இளகிய மனசுக்காரர். நம் ஆட்கள் மூன்று பேரோடு மலைக்காரர்கள் நான்கு பேரும் உள்ளே இருக்கிறார்கள் என்று சொன்னதும், "அவங்களுக்குன்னு யாரும்மா வருவாங்க?" என்று கேட்டார். யாரும் வர மாட்டார்கள் என்றேன். வழியெல்லாம் அவர் மனதுக்குள் ஏதோ தீர்மானம் செய்துகொண்டு வருகிறார் என்பது ஸ்டேஷனில்தான் தெரிந்தது.

"வாங்க உபதேசியாரே. இந்தவாட்டி உங்க ஆளுங்க எத்தினி பேரு?" என்றார் எஸ்.ஐ. நாலைந்து நாளாகத் தூங்காத கண்கள்.

உபதேசியார் கம்பிக்குள் பார்த்தார். "எல்லாருமே நம்ம சபைதாங்க, ஐயா."

"ஏழு பேருமா?"

"ஏழு பேருந்தாங்க."

எஸ்.ஐ. எழுந்தார். கம்பியோரம் தலையில் உருமாலோடு நின்றிருந்த மலைக்காரரிடம் போனார்.

"உம் பேரு இன்னாய்யா?"

"சடையனுங்க."

"நீ சபையா?"

"சபையா? நாங்க மலைங்க."

"எங்க, ஒரு ஜெபம் சொல்லு பாப்போம்."

"எங்களுக்குச் சாமி கரியராமருங்க. வெளிய வுடச் சொல்லி அவராண்ட மத்தியானத்துலருந்து கேட்டுக்கினுதான் கீறேன். இன்னும் காதுல வுழல."

கான்ஸ்டபிள்கள் சிரித்துவிட்டார்கள். "புதுசா... வரப்போறவருங்க" என்று உபதேசியார் முணுமுணுத்தார்.

"யோவ், கோயில்ல ஆளு கம்மியா கீதுன்னு இங்க வந்து சேக்கறியா? உன் மூணு பேர இட்டுக்கினு கெளம்பு. மத்தது இங்க இருக்கட்டும்."

மத்தது என்றார். மத்தவங்க என்றுகூட வரவில்லை.

அன்பினால் சொன்ன பொய்தான். உபதேசியாரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என்ன ஆயிற்று பாருங்கள். சபைக்காரன் என்றால்தான் காப்பாற்ற வழி உண்டு என்பதை நாமே ஒப்புக்கொண்டோம். அப்படி ஒப்புக்கொண்ட பிறகு ஒரு சின்னக் கேள்வியில் நான்கு பேரும் கைவிட்டுப் போனார்கள்.

நான் முன்னால் போனேன். "ஐயா, ஏழு பேரும் ஒரே வயல்ல வெட்டினவங்க. கரும்புக் கத்திக்குப் புளியமரம் விழுமா?"

"வுழாதும்மா. எனக்குத் தெரியாதா? நானும் காட்டு வேல செஞ்ச வூட்டுப் புள்ளதான். எத்தினி அரெஸ்ட்டுன்னு மேல கேட்டுக்கினே கீறாங்க. மரம் வெட்டுனவன் வூட்டாண்ட போனா ஊரே நிக்குது. இவங்களுக்கு யாரு நிக்கறா?"

"நான் நிக்கறேன்."

"நில்லு. ஸ்டூலு போடச் சொல்றேன், உக்காந்துகினே நில்லு."

பூட்டைத் திறந்தார்கள். நம் ஆட்கள் இரண்டு பேர் வெளியே வந்தார்கள். இஸ்ரவேல் அசையவில்லை. "ஒண்ணாதான் வந்தோம், டீச்சர்" என்றார்.

தயவுசெய்து இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். கல்லூரியில் கோஷம் போட்டுப் பழகிய வாய் என்னுடையது. "ஏழு பேரையும் விட்டால்தான் இவர்களும் வருவார்கள்" என்று அங்கே சொல்லியிருக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு நான் மிஷனுக்குத் திரும்பிச் சோறு சாப்பிட்டிருப்பேன். உள்ளே அடி வாங்குவது இஸ்ரவேலின் முதுகு. என் கொள்கைக்கு அவருடைய உடம்பைப் பிணை வைக்க எனக்கு உரிமை இல்லை. இன்னொன்றும் இருந்தது. கம்பிக்கு உள்ளே இருப்பவர் பேச்சு யார் காதிலும் விழாது, வெளியே வந்தவர் பேசலாம்.

"வாங்கண்ணா" என்றேன்.

அவர் அப்போதும் வரவில்லை. சடையன்தான் அவரைத் தோளில் தள்ளினார். "போப்பா. வூட்ல கொழந்த கீது. நீயும் இங்கயே குந்திக்கினா எனக்கு இன்னா லாபம், கால நீட்டக்கூட எடமில்ல."

சடையனிடம், காலையில் கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குக் கொண்டுவருவார்கள், நான் அங்கே இருப்பேன் என்று சொன்னேன்.

"வந்து இன்னாம்மா செய்வ?"

நான் பையின் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"சரி, ஒண்ணும் செய்யலன்னாலும் வா. கும்பல்ல தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு இருந்தா போதும்."

அந்தச் சாயங்காலமே உபதேசியாரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு போய் ஒரு வக்கீலைப் பிடித்தேன். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் பாய் வீட்டுப் பிள்ளை. மறியலால் கடை சாத்தியிருந்தது. பாதி திறந்த பலகைக்குள் குனிந்து போய் நடந்ததைச் சொன்னேன்.

"உங்க ஆளுங்கதான் வெளிய வந்துட்டாங்களே, அப்புறம் இன்னாங்க?" என்றார் முதலில். மலைக்காரர்களுக்காக வந்திருக்கிறேன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரே வயலு, ஒரே கத்தி, ஒரே ரோடு. மூணு பேர விட்டாரு, நாலு பேர வெச்சிருக்காரு. ஏன்? இத நான் கேட்டா அது வக்கீல் பேச்சு. வெளிய வந்தவரு ஒருத்தரு வந்து நின்னு சொன்னா ஜட்ஜு காதுல வுழும். ஆனா ஒண்ணு, அவரு வாயத் தொறந்தா அவரையும் கேஸுல சேத்துக்குவாங்க. அத சொல்லிட்டு கூப்புடுங்க. மறைச்சுட்டு கூப்புடாதீங்க."

இரவு காலனிக்குத் திரும்பும்போது என் பையில் வேதம் இருந்தது. வெளியே எடுக்கவில்லை. அடிபட்டுக் கிடந்த அந்நியனைக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதையை எடுத்து இஸ்ரவேலுக்கு முன்னால் வைத்திருந்தால் அவரால் மறுத்திருக்கவே முடியாது. அதனால்தான் எடுக்கவில்லை. ஒருவரைத் தப்பிக்க வழியில்லாமல் மடக்கிப் பிடித்து நல்லது செய்ய வைப்பதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும், அது நம் வேலை இல்லை. வக்கீல் சொன்னதை அப்படியே சொன்னேன். வந்தால் என்ன ஆகலாம், வராவிட்டால் என்ன ஆகலாம், அவ்வளவுதான்.

ஞானம்மாதான் முதலில் வெடித்தாள். "நல்லா கீதே உங்க நாயம்! இட்டாந்த சூடு ஆறல, திருப்பிக் கொண்டு போய் வுடறேன்றீங்க! அந்த மலைக்காரன் எங்களுக்கு மாமனா மச்சானா?"

"அவன் இல்லன்னா நான் வெளிய வந்திருக்க மாட்டேன்" என்றார் இஸ்ரவேல் மெதுவாக. "தள்ளி வுட்டான்."

"தள்ளி வுட்டான்ல? அப்புறம் எதுக்குத் திரும்பிப் போற?"

அவர் என்னைப் பார்த்தார். "நான் வரலன்னா உங்களுக்குக் கோவமா, டீச்சர்?"

"இல்லண்ணா." உண்மையாகவே சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிறேனா என்று சோதிப்பது போல இருந்தது. பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"தொவச்ச சட்ட கீதா?"

ஞானம்மா கொடியிலிருந்து சட்டையை உருவி அவர் மேல் எறிந்தாள். "கீது. கூண்டுல நிக்கப் போறியே, மாப்ள மாதிரி போய் நில்லு!"

விடியுமுன் கிளம்பும்போது பார்த்தால் அவளும் குழந்தையோடு வந்து நிற்கிறாள். பஸ் இல்லை. வெட்டிப் போட்ட மரங்களைத் தாண்டித் தாண்டி கள்ளக்குறிச்சிக்கு நடந்தோம். எல்லோருக்கும் முன்னால் உபதேசியார் போனார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

கோர்ட் வராந்தாவில் எஸ்.ஐ. எங்களைப் பார்த்தார். இஸ்ரவேலிடம் நெருங்கி, "வூட்டுக்குப் போறியா, உள்ள போறியா?" என்று தணிந்த குரலில் கேட்டார். இஸ்ரவேல் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றார். ஞானம்மா அதைப் பார்த்தாள். குழந்தையை அந்தக் கையில் கொடுத்தாள். "புடி. அழுவுது" என்றாள். குழந்தை அழவே இல்லை.

உள்ளே வக்கீல் தன் கேள்வியைக் கேட்டார். ஒரே கூட்டத்தில் மூன்று பேரை விட்டதற்குக் காரணம் என்ன? மாஜிஸ்திரேட் எஸ்.ஐ.யைப் பார்த்தார்.

"நன்னடத்தை பேர்ல விட்டோம், ஐயா."

"நன்னடத்தைன்னு யார் சொன்னா?"

"சபை உபதேசியாருங்க."

"மத்தவங்களைப் பத்தி அவர் என்ன சொன்னார்?"

எஸ்.ஐ. கேஸ் கட்டைப் புரட்டினார். பின்னால் இருந்து உபதேசியார் எழுந்தே விட்டார். "அவங்களும் எங்க சபைன்னு சொன்னேங்க ஐயா. அது பொய்ங்க. அவங்க எங்க சபை இல்ல. ஆனா மரமும் வெட்டலைங்க." வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். மாஜிஸ்திரேட்டுக்கு உதட்டோரம் ஏதோ அசைந்தது. உட்காரச் சொல்லிவிட்டு இஸ்ரவேலைக் கூப்பிட்டார்.

இஸ்ரவேல் குழந்தையைக் கொடுத்துவிட்டு முன்னால் போனார். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"அவன் வெட்டுன கரும்ப நான் கட்டுனங்க. நான் வெட்டுனத அவன் கட்டுனான். பொழுது வுடிஞ்சதுலருந்து கூடவேதான் இருந்தோம். நாங்க மரம் வெட்டியிருந்தா ஏழு பேருந்தான் வெட்டியிருப்போம். இல்லன்னா ஏழு பேரும் வெட்டல. என்னைய வுட்டீங்கன்னா அவங்களையும் வுடணும். அவங்கள உள்ள போட்டா என்னையும் போடுங்க."

மாஜிஸ்திரேட் எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். "மரம் வெட்டினவன் எந்தச் சாமி கும்பிடுறான்னு பார்த்தா கேஸ் போடறீங்க?"

நான்கு பேரையும் சொந்த ஜாமீனில் விட்டார். வழக்கு அப்புறம் நகரவில்லை. இஸ்ரவேலை யாரும் தொடவில்லை. வெளியே வந்ததும் சடையன் என்னிடம், "ஒண்ணும் செய்ய மாட்டன்னு பாத்தேன்" என்றார். நன்றி சொல்லும் விதம் அவருக்கு அப்படி.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. அது உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் இனி அதை நீங்கள்தான் சுமக்கப் போகிறீர்கள். அதன்பிறகு ஸ்டேஷனில் உபதேசியாரைப் படியேற விடவில்லை. ஆள் காட்டுவது முடிந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம். சபைக்கு மூத்தவரான மூப்பர் கோபமாக இருந்தார். "தாத்தா காலத்து மரியாதை. ஒரு நாள்ல போச்சு. நாளைக்கு நம்ம ஜனங்களப் புடிச்சா யாரு போய்க் காட்டுவா? மலையில கீறவன் வந்து காப்பாத்துவானா?" அவர் கோபம் வெறும் கோபம் இல்லை. பயம். நம் ஜனங்களுக்காகப் பயந்தார். நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன், எழுந்தும் விட்டேன். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஞானம்மாவின் குரல் வந்தது.

"மூப்பரய்யா, நான் ஒண்ணு கேக்கட்டா? போன வருசம் பம்புசெட்டு ஒயரு களவுன்னு புடிச்சாங்களே, அதுல எந் தம்பி தாவீதும் உள்ள இருந்தான். உபதேசியாரு போனாரு. ஒவ்வொருத்தரா காட்டுனாரு. எந் தம்பியத் தாண்டி வெரலு போச்சு. கோயிலுக்கு வராதவன், காட்டாதன்னு நீங்கதான் சொல்லி அனுப்பிச்சீங்க."

"அது வேற விசயம்மா. அவன் குடிச்சுட்டுத் திரியறவன்."

"குடிச்சா ஒயரு திருடுனதா ஆயிடுமா?" ஞானம்மா எழுந்து நின்றாள். "அன்னிக்கு நான் வாயத் தொறக்கல. எம் புருசனுக்கு ஒரு நாளு அந்த வெரலு வேணுமேன்னு கம்முனு இருந்துட்டேன். அந்த வெரலு இப்ப இல்ல. அதான் பேசறேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். என் பதிலுக்கு வேலை இல்லை.

ஏழைகளுக்காக நிற்பது நம் விசுவாசத்தோடு ஒட்டவைத்த தர்மகாரியம் என்று சிலர் உங்களுக்குச் சொல்வார்கள். முதலில் ஜெபம், நேரம் இருந்தால் அது, என்பார்கள். நம்பாதீர்கள். நாம் கும்பிடுகிறவரே பொய்க் குற்றச்சாட்டில் பிடிபட்டவர். அவர் பிடிபட்டபோது, இவரை எனக்குத் தெரியும் என்று சொல்லப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. விசாரணை நடந்த வீட்டு முற்றத்தில் நெருங்கிய சீடரே தெரியாது என்றார். அந்த முற்றத்தில் ஆளில்லாமல் போன இடத்தில் போய் நிற்பதுதான் நம் வேலை. உள்ளே இருப்பவர் யாருடைய ஆள் என்ற கேள்விக்கு நம்மிடம் இனிப் பதில் வேண்டியதில்லை. சலுகை இல்லாமல் போவது கஷ்டம். காத்திருக்க வைப்பார்கள். கிண்டல் செய்வார்கள். வக்கீலுக்கு அலைய வேண்டும். நான் அலைந்து பார்த்துவிட்டேன், முடிகிறது.

என்னை மலைக்கு மாற்றியதைச் சிலர் தண்டனை என்கிறார்கள். அந்தப் பேச்சை வளர்க்காதீர்கள். அங்கிருந்து கூலிக்கு இறங்குகிறவர்கள் எங்கே பிடிபடுகிறார்கள் என்று மேலேயிருந்து பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், நானே கேட்டு வாங்கினேன்.

தாவீதின் வழக்கு இன்னும் நடக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை வாய்தா. பாய் வக்கீல் எடுத்து நடத்துகிறார். நான் மலையிலிருந்து இறங்கி வருவேன். ஞானம்மா வருவாள், இஸ்ரவேல் வருவார். உபதேசியார் அவன் பக்கத்தில் உட்காரப் போவதாகச் சொல்லியிருக்கிறார். மூப்பர் வருவாரா தெரியாது. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். நீங்களும் வாருங்கள், கோர்ட் வராந்தாவில் இடம் இருக்கிறது.

தாவீது இப்போதும் கோயிலுக்கு வருவதில்லை. அன்றைக்கு அதைப் பற்றி யாரும் அவனிடம் வாயைத் திறக்கக் கூடாது.